அப்டேட்டுக்குப் பிந்தைய கரகரப்பு: ஓர் ஆய்வு முன்னோட்டம்

மீடியா பிளேயரை அப்டேட் செய்தபின் ஸ்பீக்கரில் எழும் கரகரப்பு குறித்து முறையான ஆய்வு எதுவும் நிகழாதது அறிவுலகின் மாபெரும் இடைவெளி. (இப்படித் தொடங்காத கட்டுரைக்கு ஆய்வுக் கட்டுரை என்ற தகுதி கிட்டாது.) இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: கரகரப்பு என்பது புதிதாக வந்து சேர்ந்த ஓசை அன்று; வரவேண்டிய ஓசை வராமற் போனதன் அடையாளம். ஆய்வு எல்லை: ஒலியளவை நூறு சதவீதம் தாண்டி 125 வரை ஏற்றி, அலையின் முகடுகள் வெட்டுப்படக் கேட்போர் இதில் அடங்கார், அவர்களது நோய் பேராசை. ப்ளூடூத் ஹெட்போன்காரர்களுக்குத் தனி நூல் வேண்டும்.

கருதுகோளுக்கான சான்று எண்களில் இருக்கிறது. இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100, வீடியோக்களில் பெரும்பாலும் 48,000 எனச் சாம்பிள்களை வரிசையாக அடுக்கியே ஒலியைச் சேமிக்கிறார்கள். பிளேயர் இவற்றைப் பஃபர் என்னும் தற்காலிகத் தேக்கத்தின் ஒரு முனையில் நிரப்ப, சவுண்ட் கார்டு மறுமுனையில் எடுத்துக்கொண்டே போகும். பத்து மில்லி நொடிப் பஃபரில், 48,000 கணக்குப்படி, அடங்குபவை 480. அடுத்த 480 நேரத்துக்கு வராவிட்டால் சவுண்ட் கார்டு யாருக்காகவும் காத்திருக்காது. அலை சட்டென்று அறுந்து மறுபடி தொடங்கும்; அறுந்த இடம் 'பட்' என்னும்; 'பட்'கள் நெருங்கி வந்தால் கரகரப்பு. புதிய பதிப்பு பஃபரின் அளவையோ ஒலி வெளியேறும் வழியையோ மாற்றியிருந்தால், நேற்றுவரை ஒழுங்காகப் பாடிய பாட்டு இன்று இருமத் தொடங்கும். பாட்டிலும் குறையிராது, ஸ்பீக்கரிலும் குறையிராது.

இதை மறுப்போர் மூவகையர். ஸ்பீக்கர்வாதிகள், அதே பாட்டை வேறொரு பிளேயரில் சுத்தமாக ஓட்டிக் காட்டியதும் அடங்கிவிடுவர். பழம்பதிப்புவாதிகள், முந்தைய பதிப்பே தூயது, பிந்தியதெல்லாம் இடைச்செருகல் என்பர். நூல்களின் காலத்தைக் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பின்னுக்குத் தள்ளிப் பழகியவர்களுக்கு இது எளிதில் வரும். விரிவாக ஆராயத்தக்கோர் ஊதற்கொள்கையினர். கேபிளைக் கழற்றி, முனையை வாயால் ஊதி, சட்டை நுனியில் துடைத்துச் செருகினால் கரகரப்பு நீங்கும் என்பது அவர்கள் கோட்பாடு. துடைக்குமுன் ஊதுவதா, துடைத்தபின் ஊதுவதா என்பதில் முன்னூதலார், பின்னூதலார் என இரு கிளைகள். முன்னூதலுக்கு ஆதாரம், இன்னும் எழுதப்படாத ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் இயல். பின்னூதலுக்கு ஆதாரம், அந்த ஆய்வேட்டை மறுப்பதற்காகவே அதற்கும் முன்னரே எழுதப்படாமல் விடப்பட்ட நூலின் பதிப்புரை. இவ்விரண்டையும் சமரசம் செய்ய முயலும் மூன்றாம் தரப்பு, கிடைக்காத சுவடியொன்றின் ஏழாம் ஏட்டில் கரையான் தின்ற பகுதியைச் சான்று காட்டுகிறது. தின்னாத பகுதி தங்கள் கட்சிக்கு எதிராக இருப்பதால். ஊதும் மூச்சில் ஈரம் உண்டு, உலோகத்துக்கு அது ஆகாது என்பதை மூவரும் அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை. ஊதியபின் கரகரப்பு நிற்பதும் உண்டே எனலாம். யூஎஸ்பி கேபிளாயின், கழற்றி மாட்டும்போது கணினி அந்த ஒலிக்கருவியைப் புதிதாகத் தொடங்குகிறது; பெயர் மட்டும் மூச்சுக்குப் போகிறது.

கருதுகோளைச் சோதிக்கும் வழி எளிது. விண்டோஸில் ஓடும் வி.எல்.சி. பிளேயராயின், விருப்பத்தேர்வுகளின் ஆடியோ பகுதியில் ஒலி வெளியீட்டை டைரக்ட்சவுண்டுக்கு மாற்றிக் கேட்கலாம். அதிலும் தீராவிட்டால், எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்குத் திருப்பும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. அப்டேட் செய்யும்போது பிளேயர் மாறுகிறது. முன்பு செய்த அமைப்புகள் அப்படியே தொடர்கின்றன. ஆகவே சிக்கல் பழைய அமைப்பும் புதிய பதிப்பும் ஒத்துப்போகாததாகவும் இருக்கலாம். அப்போது, பழம்பதிப்புவாதிகள் தேடிய பிழை அவர்கள் போற்றிய மூலபாடத்திலிருந்தே வந்ததாக ஆகும்.

அறிஞர்கள் இப்பொத்தானை எதிர்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரே அழுத்தில் எல்லா அமைப்புகளும் அழிவதால், குற்றவாளி எது என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். பாட்டுக் கேட்பவருக்கு அது நிம்மதி; பட்டம் வாங்க வேண்டியவருக்குப் பேரிழப்பு. எனவே, வாய்மொழித் தேர்வு முடியும்வரை அப்பொத்தானை யாரும் தொடலாகாது என இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.