பனை ஏறாத ஊரிலிருந்து ஒரு கடுதாசி

லூமுட், பேராக்.
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

முதலில் ஒரு முறையீடு. நம் சபையில் வாராவாரம் எனக்காக ஜெபிக்கிறார்களாம், தம்பி சொன்னான். சந்தோஷம். ஆனால் "அடர்ந்த காட்டிலே, கொடிய மிருகங்கள் நடுவிலே ஊழியம் செய்கிற எங்கள் சகோதரனை" என்று உபதேசியார் உருகுகிறாராமே! நான் கப்பல் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். அறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது கே.எஃப்.சி. தெருமுனையில் நின்றால் பங்கோர் தீவுக்குப் போகிற படகு தெரியும். இதுவரை என்னைத் தாக்கிய கொடிய மிருகம் ஒரு குரங்கு. தெலுக் பாத்தேக் கடற்கரையில் என் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், மரத்தில் உட்கார்ந்து, நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றது.

ஊழியம் என்று அவர் சொல்வது சனிக்கிழமை மாலை வகுப்பைத்தான். இங்குள்ள தமிழ்ச் சபையின் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள். தாத்தா பாட்டி பால் வெட்டியவர்கள். கித்தா போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நம் ஜனங்களில் பலர் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். சிலர் மட்டும் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

"தமிழ் சொல்லிக்கொடுக்கப் போறான் எங்க பிள்ளை" என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி. கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816-ல். நம் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் நாசரேத்துக்கு வந்ததே 1876-ல்தான். இந்தப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறவர்கள்; என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறார்கள். நான் 'சைக்கிள்' என்றால் 'மிதிவண்டி ஐயா' என்று திருத்துகிறார்கள். அதே வாயால் அடுத்த நிமிடம் மலாயில் சண்டை போடுகிறார்கள், ஆங்கிலத்தில் கெஞ்சுகிறார்கள், சீனத் தவுக்கேயிடம் ஹொக்கியனில் ஐஸ் மிட்டாய் கடன் சொல்கிறார்கள்.

பிறகு நான் எதற்கு என்கிறீர்களா? ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பெரும்பாலும் எல்லாம் மலாயில். மலாய் தேறாவிட்டால் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டிவரும். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் முதல் வருடம் நான் முழித்த முழி உங்களுக்குத் தெரியும். அப்போது எனக்கு மீசை இருந்தது. இவர்களுக்கு அந்தக் கண்டம் மீசை முளைக்கும் முன்பே வந்துவிடுகிறது. கணக்குத் தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் முட்டை வாங்குகிறது. அதை மக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். ஆகவே சுவரில் பெரிய அட்டை ஒன்று மாட்டியிருக்கிறோம்: கூட்டல் தம்பா, கழித்தல் தோலாக், பெருக்கல் டாராப், வகுத்தல் பஹாகி. கணக்கு என் பொறுப்பு, மலாய் உச்சரிப்பு அவர்கள் பொறுப்பு. நான் 'டாராப்' என்று சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசை சிரித்து உருளும்.

போன வாரம் நீங்கள் சொல்லித்தந்த பழைய கணக்கைப் போட்டேன். "ஒரு தோப்பில் 48 பனை. ஒருவர் ஒரு மரம் ஏறி இறங்க ஐந்து நிமிடம்…" முடிக்கவில்லை, ஒரு பையன் எழுந்துவிட்டான்.

"ஏன் சார் ஏறணும்? எங்க தாத்தா நீளக் குழாயில அருவா கட்டி, கீழ நின்னே குலையை இறக்கிடுவாரு."

அவனுக்குப் பனை என்றால் செம்பனை. நட்டு மூன்று வருடத்தில் காய்க்கும், 25 வருடத்தில் அரிவாளுக்கு எட்டாத உயரம் போனதும் வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைப்பார்கள். நம் தேரியில் அந்த வயதுப் பனை அப்போதுதான் வடலிப் பருவம் தாண்டி ஆளாகியிருக்கும். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும் என்று விளக்கினேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. வளர்ந்ததும் நம் ஊருக்கு வந்து சேவை செய்வதாக ஒரு சிறுமி வாக்குக் கொடுத்திருக்கிறாள். கணக்குக்கு விடை இன்னும் வரவில்லை.

பக்கத்து ஊரான சித்தியவானைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1903-ல் சீனாவின் ஃபூச்சோவிலிருந்து சில நூறு மெதடிஸ்ட்காரர்களை லூரிங் என்ற ஜெர்மன் மிஷனரி அங்கே கொண்டுவந்து குடியேற்றினார். நெல் போட வந்தவர்கள், ரப்பருக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். குடிக்காத சபை அல்லவா, சிவப்பு அரிசி ஒயினைச் சேமியா சூப்பில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்! நானும் சாப்பிட்டேன்; நம் சபை ஐயரிடம் சொல்ல வேண்டாம். அங்கே மெதடிஸ்ட் பள்ளியில் படித்த ஒரு பையன்தான் பின்னாளில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியை நடத்திய சின் பெங். பள்ளிக்கூடம் திறப்பது நம் கையில், பிள்ளை என்ன ஆவான் என்பது நம் கையில் இல்லை. நாற்பது வருடம் வாத்தியாராக இருந்த உங்களுக்கா தெரியாது?

என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெற்றியில் திருநீறோடுதான் சபை மண்டபத்துக்கு வருகிறார்கள். மாசி மகத்தன்று வகுப்பு காலி. எல்லாரும் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலில். நானும் படகேறிப் போனேன். அன்னதான வரிசையில் என்னைப் பார்த்த ஒரு அம்மா, "சார், பசியாறிட்டீங்களா?" என்று இழுத்துக்கொண்டுபோய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். நம் சபை அசன விருந்துக் குழம்புக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

நம் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம் என் வகுப்புக்காகப் பழைய துணி மூட்டை கட்டுவதாக அறிந்தேன். தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தப் பிள்ளைகளின் சப்பாத்து என்னுடையதைவிட விலை கூடியது. தேவை கதைப்புத்தகங்கள். பாடப்புத்தகம் தாண்டித் தமிழில் ஆசையாக வாசிக்க இவர்கள் கையில் அதிகம் இல்லை. வாண்டுமாமா கதைகள் கிடைத்தால் நல்லது. பேய், மந்திரவாதி, துப்பறிகிறவன் எதுவானாலும் சரி. நீதிக்கதை வேண்டாம், அது பள்ளியிலேயே திகட்டத் திகட்டக் கிடைக்கிறது. சுவிசேஷத் துண்டுப்பிரதி ஒன்றுகூட உள்ளே செருக வேண்டாம். பெற்றோர் எங்களை நம்பி அனுப்புகிறார்கள்.

மாமா மகள் டிசம்பரில் திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறாள். அவளிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் எடை மிஞ்சினால் கருப்பட்டி மிட்டாயை எடுத்துவிடுங்கள், புத்தகத்தில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்