பின்னிருக்கையின் பொருட்டுப் பெருவண்டி கொள்ளுதல்

நூறு சிசி வண்டியில் காலம் தள்ளிய ஒருவர், பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு தொலைதூரம் போக வேண்டும் என்று சொல்லி, முந்நூற்றைம்பது சிசிக்கோ அதற்கு மேலுள்ளதற்கோ மாறுவது பெருவண்டி கொள்ளுதல் எனப்படும். பள்ளிக்கூட வாசலுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வர வண்டி மாற்றுவது இதில் அடங்காது. தனியாக லடாக் போவதற்கென்று வாங்குவதும் அடங்காது. அது வேறு நோய், தனியே ஆராயத்தக்கது. இந்நிகழ்வின் உறுப்புகள் மூன்று: ஓட்டுபவர், பின்னிருப்பவர், வண்டி. பின்னிருப்பவர் பெரும்பாலும் மனைவி. தங்கையும் தோழனும் அம்மாவும் பின்னால் உட்காருவதுண்டு என்றாலும், அவர்கள் பொருட்டு யாரும் வங்கிக் கடன் எடுப்பதில்லை. வண்டி பின்னிருப்பவருக்காகவே வாங்கப்படுகிறது என்பது ஓட்டுபவர் கூற்று. அக்கூற்று எவ்வளவு தேறும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஆள் கூடினால் வாகனம் பெரிதாக வேண்டும் என்னும் கொள்கை பழமையானது. பிள்ளையார் தனியாகப் போகிறவர். அவருக்கு மூஞ்சூறு போதுமானதாக இருக்கிறது. சிவபெருமான் உமையோடு எழுந்தருளும்போது ரிஷபம் தேவைப்படுகிறது. மூஞ்சூறின் உடல்வாகையும் அதன்மேல் அமர்ந்தவரின் உடல்வாகையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கொள்கை கொஞ்சம் ஆட்டம் காணும்தான். அதைத் திருவருள் என்று விட்டுவிடுவது நல்லது. முருகனின் நேர்வு இன்னும் சிக்கலானது. வள்ளியும் தெய்வானையும் உடன் அமர, மயில்மீது அவர் வீற்றிருக்கும் கோலத்தை ரவிவர்மா தீட்டியிருக்கிறார். அதன் அச்சுப் படங்கள் தமிழ் வீட்டுப் பூஜையறைகளில் தொங்குகின்றன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவோ, இருசக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம், அவரையும் ஓட்டுபவருக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்திய இருக்கையில்தான் உட்காரவைக்க வேண்டும் என்கிறது. மயில் மோட்டார் இல்லாதது என்பதால் வழக்கு எழவில்லை.

அண்மைக் கால முன்னோடியாகக் காட்டப்படுவது தென் அமெரிக்கப் பயணம். 1952இன் தொடக்கத்தில் ஆல்பெர்த்தோ கிரனாதோ தம்முடைய 500 சிசி நார்ட்டன் வண்டியில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார்; உடன் போனவர் எர்னெஸ்தோ குவேரா என்னும் 23 வயது மருத்துவ மாணவர். வண்டி சிலி நாட்டோடு நின்றுவிட்டது, மாணவர் நிற்கவில்லை. இருவருக்கு 500 சிசி போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று 650 சிசியில் கண் வைத்தவர்கள் கேட்பார்கள். அந்த நார்ட்டன் அப்போதே பழசு என்பதையும், வழியெல்லாம் இருவரும் விழுந்து விழுந்து எழுந்தார்கள் என்பதையும் அவர்கள் சொல்லாமல் விடுவார்கள்.

இனி, சிறிய வண்டி ஏன் போதாமல் போகிறது என்பது. நூறு சிசி வண்டியான ஸ்ப்ளெண்டரின் எடை ஏறத்தாழ 112 கிலோ, இன்ஜின் தரும் சக்தி எட்டுக் குதிரைக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுபவர் 70 கிலோ, பின்னிருப்பவர் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பின்னிருப்பவர் ஏறியவுடன், அதுவரை இன்ஜின் இழுத்துக்கொண்டிருந்த 182 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு புதிதாகச் சேர்கிறது. நகரத்துக்குள் இது தெரிவதில்லை. திண்டிவனம் தாண்டியதும், முன்னால் போகும் லாரியை முந்தலாமா என்று நினைத்து, நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கி, மறுபடி நினைத்து, லாரியின் பின்புற வாசகங்களைப் படித்துக்கொண்டே போகும்போதுதான் தெரிகிறது.

இந்தப் பங்கைப் பின்சுமை விகிதம் என்று குறிக்கலாம். ஸ்ப்ளெண்டரில் இது 33 விழுக்காடு. 191 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350இல் 23 ஆகக் குறைகிறது. 241 கிலோ சூப்பர் மீட்டியார் 650இல் 19. ஏறத்தாழ 380 கிலோ வரும் ஹோண்டா கோல்டு விங்கில் 13தான். அதாவது, பின்னிருப்பவர் ஒரு கவளமும் குறைக்காமலே, வண்டி பெருக்கப் பெருக்க இளைத்துக்கொண்டு போகிறார். மனைவியை எடை குறைக்கச் சொல்வதைவிட வண்டியின் எடையைக் கூட்டுவது எல்லா வகையிலும் பாதுகாப்பானது. பெருவண்டி கொள்வதற்கு இதுவரை கிடைத்த வாதங்களில் கணக்குக்கு ஒத்துவருவது இது ஒன்றுதான். ஆனால் எந்த வீட்டிலும் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லத் துணிவதில்லை.

சொல்லப்படுவது வேறு: “உனக்கு முதுகு வலிக்குதுன்னுதான் பாக்கறேன்.” இது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லப்படும். “எனக்கு எப்ப முதுகு வலிச்சுது?” என்பது வழக்கமான பதில். இங்கே ஓட்டுபவர் தரப்பு பேச்சை நிறுத்திவிட்டு, கைபேசியில் உள்ள படத்தைக் காட்டும். படத்தில் வண்டி மலை உச்சியில் நிற்கும், பின்னிருக்கை காலியாக இருக்கும். வாதியே கொண்டுவந்த சான்று வாதியின் வழக்கைக் கெடுப்பது சட்டத்துறையில் அரிது. இங்கே அது ஞாயிறுதோறும் நடக்கிறது.

பின்னிருப்பவரின் எடை விழும் இடம் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால். அதனால் வண்டியின் பின்புறம் அமிழ்ந்து முன்புறம் இலேசாகிறது. ஹேண்டில் பிடிப்பு குறைந்தாற்போல் தோன்றும். ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டு எழும்பி, எதிரே வருகிறவர் கண்ணிலும் ஓரத்துப் புளியமரத்தின் நடுக்கிளையிலும் விழும். இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. பின்புற ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கிக்கொள்ளப் படிகள் உண்டு. 350 சிசி ராயல் என்ஃபீல்டுகளில் ஆறு படி. தனியாகப் போக ஒரு படி, இருவருக்கு ஒரு படி, இருவரும் பெட்டியும் என்றால் இன்னும் ஒரு படி. வளைந்த வாயுள்ள ஒரு ஸ்பேனரை அதற்கென்றே வண்டியோடு தருகிறார்கள். அந்த ஸ்பேனரை உரிமையாளர்கள் முதன்முதலில் பார்ப்பது வண்டியை விற்கும் அன்றைக்கு. பின் டயரின் காற்றும் அப்படியே. இருவருக்கு எவ்வளவு என்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும். பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிப்பவர் எவ்வளவு என்று கேட்டால், “எப்பவும் அடிக்கிறது” என்பதே பதில். ஆறாயிரம் ரூபாய்க்கு ஜெல் சீட் வாங்குபவர், காசில்லாமல் கிடைக்கும் இந்த இரண்டையும் செய்வதில்லை. பின்னிருப்பவர் மேட்டிலும் பள்ளத்திலும் வாங்கும் அடியில் பெரும்பகுதி இதனால் வருவது. அதற்குச் சாலையும் நெடுஞ்சாலைத் துறையும் திட்டு வாங்குகின்றன.

அமரும் முறை இரு வகை: இருபுறமும் கால் போட்டு அமர்தல், ஒருபக்கமாக அமர்தல். சுடிதாரும் ஜீன்ஸும் முதல் வகைக்கும், சேலை இரண்டாம் வகைக்கும் உரியன. நம் சாலையில் இடதுபுறம் போகிறோம் என்பதால் கால்கள் இடப்பக்கம் தொங்கும். ஓட்டுபவர் தாமறியாமலே வலப்பக்கம் ஒரு சிறிது சாய்ந்து அதை ஈடுகட்டுவார். சேலை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கட்டாயப்படுத்துகிறது. கைப்பிடியும் கால்மிதியும் அதே விதியில் வருகின்றன. இந்நாட்டுச் சட்டத்தில் பின்னிருப்பவரைப் பற்றி உண்மையாகக் கவலைப்பட்டு எழுதப்பட்ட வரிகள் இவைதாம். சாரி கார்டு எனப்படும் அந்தக் காப்பை, டெலிவரி எடுத்த வாரத்திலேயே ‘லுக்’ கெடுகிறது என்று கழற்றிப் பரணில் போடுவது பெருவண்டி கொண்டோரிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். மனைவிக்காக வாங்கிய வண்டியிலிருந்து முதலில் நீக்கப்படும் பொருள் மனைவிக்காகப் பொருத்தப்பட்ட ஒரே பொருள். இக்கட்டுரை ஆராயும் கூற்றுக்கு எதிரான சான்றுகளில் இதற்கே முதலிடம்.

பெருவண்டிகள் இரண்டாம் வகை அமர்தலை ஏற்பதும் இல்லை. இன்டர்செப்டர் 650இல் சைலன்ஸர் இருபுறமும் ஓடுகிறது. ஒருபக்கமாக அமர்ந்தால் பாதத்துக்கு அருகே சூடு. ஹிமாலயன் வகைகளில் பக்கவாட்டில் பெட்டி மாட்டிவிட்டால் கால் தொங்கவிட இடமே இல்லை. ஆகவே வண்டி மாறும்போது பின்னிருப்பவரின் உடையும் மாறியாக வேண்டும். இச்செலவு எந்த இ.எம்.ஐ. கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை.

உயரம் அடுத்த சிக்கல். ஸ்ப்ளெண்டரின் இருக்கை தரையிலிருந்து 785 மில்லிமீட்டர். 2023இல் வந்த 452 சிசி ஹிமாலயனில் ஓட்டுபவர் இருக்கையே 825. பின்னிருக்கை அதற்கும் மேலே. ஏறுவதற்கு இடது மிதியில் கால் ஊன்றி, ஓட்டுபவர் தோளைப் பிடித்து, வலது காலைப் பெட்டிக்கு மேலாகச் சுழற்ற வேண்டும். ஓட்டுபவர் இரு காலும் ஊன்றி, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து, “இப்ப ஏறு” என்று சொன்ன பிறகே ஏற வேண்டும் என்பது விதி. விதியை மீறி ஏறுவதும், சொல்லாமலே இறங்குவதும், இருநூறு கிலோ வண்டி டீக்கடை வாசலில் மெதுவாகப் படுப்பதும் ஒரே வரிசையில் நடப்பவை. தூக்கிவிட நான்கு பேர் வருவார்கள். நால்வரும் மைலேஜ் கேட்பார்கள்.

ஓட்டத்தில் இருவருக்கும் பேச்சு இல்லை. ஹெல்மெட்டும் காற்றும் விடா. வலத்தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து, தொடையில் கிள்ளு என்றால் ஏற்கெனவே இரண்டு தட்டியாகிவிட்டது என்று பொருள். பிரேக் பிடிக்கும்போதும் கியர் மாற்றும்போதும் பின் ஹெல்மெட் முன் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று மோதும். இந்த டொக்குகளின் எண்ணிக்கை ஓட்டுபவரின் திறமைக்கு நேர்மையான அளவுகோல். எத்தனை சிசி என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கிளட்சை நிதானமாக விடத் தெரிந்தவர் ஸ்ப்ளெண்டரிலும் மோதவிடுவதில்லை, தெரியாதவர் 650இலும் தாளம் போடவைப்பார். பின்னால் எடை இருக்கும்போது பின்பிரேக்குக்கும் நல்ல பிடி கிடைக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகினால் முன்னுக்குச் சரிவது குறையும்.

கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கூற்றின் மெய்ம்மை கடைசியாகச் சோதிக்கப்படுகிறது. வண்டி சாயும் பக்கமே பின்னிருப்பவரும் சாய வேண்டும். விழுந்துவிடுவோமோ என்று எதிர்ப்பக்கம் சாய்வது மனித இயல்பு. சாய்ந்தால் வண்டி கோட்டை விட்டு வெளியே ஓடும். வளைவின் உட்புறத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே உடல் தானாகச் சரியாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தைக் கிளம்பும் முன் சொல்லாமல், பதினைந்தாம் வளைவில் கத்திச் சொல்வது மரபு.

விலைக்கும் இல்லறத்துக்கும் இடையே அரசு ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40. திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட் குடும்பத்தின் 350கள் 349 சிசியில் நிற்பதால் கோட்டுக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டன. இருவர் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டமில்லாமல் நாள் முழுக்கப் போக இவற்றின் 20 குதிரை சக்தி போதும். அதற்கு மேல் வாங்கப்படும் குதிரைகளைப் பின்னிருப்பவர் கேட்பதில்லை. அவை ஓட்டுபவரின் சொந்தக் குதிரைகள்.

இவ்வழியே மேலே போய்க்கொண்டிருந்தால் வந்து சேருமிடம் கோல்டு விங். 1975இல் விற்பனைக்கு வந்தபோது நான்கு சிலிண்டரும் 999 சிசியும் கொண்ட அதற்குக் காற்றுத் தடுப்பும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பிறகு இரண்டும் வந்தன. 1988இல் ஆறு சிலிண்டரும் ரிவர்ஸும் வந்தன, 2006இல் ஏர்பேக் வந்தது. பின்னிருப்பவருக்கு முதுகுச் சாய்வும் கைவைக்கும் இடமும் உள்ள, நாற்காலி என்றே சொல்லத்தக்க இருக்கை அதன் டூர் வகையில் உண்டு. ஏர்பேக் மட்டும் ஓட்டுபவருக்கு முன்னால் விரிகிறது. இந்தியாவில் விலை ஏறத்தாழ 40 லட்சம். மழை பெய்தால் இருவரும் நனைவார்கள்.

ஆகவே, பெருவண்டி பின்னிருப்பவருக்காக வாங்கப்படுகிறது என்னும் கூற்று நிறுவப்படவில்லை. பின்னிருப்பவருக்கும் அதனால் நன்மை உண்டு என்பது மட்டும் நிறுவப்படுகிறது. ஷோரூமில் டெஸ்ட் ரைடு கொடுக்கும்போது ஓட்டுபவர் தனியாகப் போய்ச் சிரித்த முகத்தோடு திரும்புகிறார். யாருக்காக வண்டியோ அவர் ஏசி அறையில் கைப்பையை மடியில் வைத்துக் காத்திருக்கிறார். முன்பணம் கட்டுவதற்கு முன் அவரைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு மேம்பாலமும் நான்கு வேகத்தடையும் உள்ள சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். இறங்கியவுடன், விற்பனைப் பையன் அருகில் இல்லாதபோது, அவர் சொல்வதை முடிவாகக் கொள்ள வேண்டும். அவர் பழைய கார் என்ன விலை ஆகும் என்று கேட்டால், அதுவும் முடிவுதான்.