சம்பளமில்லாத வாத்தியாரு

ஏ மருமவனே, இங்க வந்து உக்காரு. உங்க அம்மை எங்கிட்ட ஒரே ஒப்பாரி. 'பி.எஸ்ஸி. விலங்கியல் படிச்ச பய, சனி ஞாயிறானா பள்ளிக்கூடத்துப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு கூந்தன்குளத்துக் கரையில நாரை எண்ணுதான் அண்ணே, காப்பிக்குக்கூட காசு தரமாட்டாவளாம்'னு. 'காசு வாங்காம எண்ணுதவன்தாம்மா கணக்கத் திருத்தமாட்டான்'னு சொல்லி அனுப்பினேன்.

நேத்து நானும் வேடிக்கை பார்க்க வந்தேன்லா. ஆத்தாடி, என்ன பேச்சு! பல்லுயிர்ங்க, வலசைங்க. 1994-ல சரணாலயம் ஆச்சுன்னு நீ ஒப்பிச்சப்போ ஒரு பய மூக்கு நோண்டிக்கிட்டிருந்தான். அதுக்கு எவ்வளவோ முன்னாலயே இந்த ஊர்க்காரங்க வீட்டு மரத்துல கூடு கட்ட விட்டாவ, பறவை மிரளும்னு தீவாளிக்கு வெடி போடல. எச்சம் கரைஞ்ச குளத்துத் தண்ணி வயலுக்கு உரம், சம்சாரிக்குக் கணக்குத் தெரியாதா? பாசமெல்லாம் பிறவுதான். அதச் சொல்லியிருந்தா பய மூக்குலருந்து விரல எடுத்திருப்பான். வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வருதுன்ன. அது இறங்குத குளத்துக்குத் தண்ணி மணிமுத்தாத்துலருந்து வருதுன்னு சொன்னியா?

எந்தச் சாமி புண்ணியமோ, உனக்குத் தொண்ட கட்டிச்சு. இருந்த ஒத்தத் தொலைநோக்கி கை மாறிப் போச்சு. செவப்பு ரிப்பன் கட்டுன பிள்ள சொன்னா, 'சார், மஞ்சமூக்கு நாரை றெக்கைய விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் பிடிக்கி. அதுக்குச் சுடாதா?' மூக்கு நோண்டுன பய பிடுங்கிப் பார்த்துட்டு, 'முதுக வெயிலுக்குக் காட்டிக்கிட்டு நிக்கி சார்'ங்கான். நீ விளக்கம் சொல்லல. 'சாயங்காலம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குன்னு பார்த்துட்டு வா'ன்ன. அப்போ உன் மூஞ்சியப் பார்க்கணுமே, பந்தியில ரெண்டாந்தரம் பாயசம் விழுந்தவன் மாதிரி!

பி.எட். சேரணும்னு வீட்டுல சொல்லப் பயமாக்கும்? உங்க அம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன். ரெண்டு வருசப் படிப்பு, பிறவு டெட் பரீட்சை. 150 கேள்வியாம், ஒவ்வொண்ணுக்கும் நாலு விடைய அவனே எழுதித் தந்துருவான். ரிப்பன் பிள்ள தருவாளா?

அம்புட்டு ஒசரத்துல வாத்துக்கு மூச்சு முட்டாதான்னு அவ கேட்டதுக்கு, பார்த்துட்டுச் சொல்லுதேன்னியாமே. விடிஞ்சதும் என் திண்ணையில வந்து நிக்கா. அது ரத்தம் பிராணவாயுவ நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிடும்னு எனக்குத் தெரிஞ்சத அவுத்துவிட்டேன். 'எப்படித் தாத்தா பிடிக்கும்?'ங்கா. எந்திரில, போ. உள்ள உங்க அத்தைகிட்ட முறுக்கு வாங்கித் தின்னுக்கிட்டு இன்னும் உக்காந்திருக்கா.