வீட்டோடு மாப்பிள்ளை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு வீடு. ஒன்று செங்கல் வீடு. மற்றது அதன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஏழு மீட்டர் வெள்ளை மோட்டார்ஹோம். முதல் வீட்டில் இருக்கும்போது இரண்டாவது வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். இரண்டாவதில் ஊர் போயிருக்கும்போது, முதல் வீட்டின் கொல்லைக் கதவைப் பூட்டினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

வயது 71. ஜனவரிப் பனியிலும் அரைக்கால் சட்டை. சட்டைப் பையில் கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டம். மனைவி உண்டு. மேஜர் என்று ஒரு கறுப்பு லாப்ரடாரும் பிஸ்கட் என்று ஒரு ஜாக் ரஸல் டெரியரும் உண்டு. வீட்டின் அதிகார வரிசை: முதலில் பிஸ்கட், அப்புறம் மேஜர், அப்புறம் அந்த அம்மாள், ஓட்டுகிறவர் கடைசி. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளைக்கு உள்ள அந்தஸ்து. என்ன, இங்கே வீடும் கூடவே வருகிறது.

இவர் ஒருவரில்லை, ஓர் இனம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்த இனத்தார் நாய்களை ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டி பிரான்ஸுக்குப் போய்விடுகிறார்கள். ஆற்றங்கரை ஆற்றங்கரையாகப் போகிறார்கள். எதிரே இன்னொரு மோட்டார்ஹோம் வந்தால் இருவரும் கையசைத்துக்கொள்வது இந்தக் குலத்தின் மரபு. எதிர்வீட்டுக்காரருக்குப் பதினொரு வருஷமாகத் தலைகூட அசைக்காத மனிதர், லோயர் நதிக்கரையில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தேர்தல் வேட்பாளர் மாதிரி கை காட்டுவதை என் கண்ணால் பார்த்தேன்.

இந்தக் குலத்துக்கு மூலபுருஷர் ஒருவர் இருக்கிறார். கோர்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படையில் மருத்துவராக இருந்தவர். 1885-ல், ‘வாண்டரர்’ என்று பெயரிட்ட குதிரை வண்டி வீட்டில் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். கூட ஹரிகேன் பாப் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய், ஒரு கொண்டைக்கிளி, வண்டியோட்டி, ஏவலாள். ஏவலாளின் வேலை மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய், பின்னால் ஒரு வீடு வருகிறது என்று பாதையில் போகிறவர்களை எச்சரிப்பது. 1960-ல் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிய ஜான் ஸ்டைன்பெக்கும் சார்லி என்ற பூடில் நாயைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டார். இவர்கள் இரண்டு பேரும் போய்வந்து புத்தகம் எழுதினார்கள். என் அண்டை வீட்டார் எழுதுவது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் டீசல் லிட்டர், தண்ணீர் லிட்டர், மேஜர் காலை எத்தனை மணிக்குப் ‘போனான்’ என்ற விவரம்.

போன மே மாதம் என் மனைவி திருச்சிக்குப் போயிருந்த சமயம், “ஒரு வாரம் எங்களோடு வாயேன், ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை சும்மாதான் கிடக்கிறது” என்றார். நம் வீட்டில் அதற்குப் பெயர் பரண். பித்தளை அண்டாவை ஏற்றி வைக்கும் இடம். சம்மதித்தேன்.

என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட். விசாவுக்கு மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, காப்பீடு எல்லாம் கொடுத்தேன். ‘தங்கும் முகவரி’ என்ற இடத்தில் பரண் என்று எழுத முடியாமல் அரை நாள் தவித்தேன். நாய்கள் பாடு எளிது என்று எண்ணியிருந்தேன். இல்லை. 2021-க்கு முன் பிரிட்டிஷ் நாய்களுக்கு நீலப் பாஸ்போர்ட் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து நாடு விலகியதில் அது செல்லாமல் போனது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும், கிளம்ப 10 நாளுக்குள், கால்நடை மருத்துவர் புதிதாக ஒரு சுகாதாரச் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். தோலுக்கடியில் சிப், 21 நாளாவது ஆன வெறிநோய்த் தடுப்பூசி வேறு. என் கோப்பு, பிஸ்கட்டின் கோப்பு இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிஸ்கட்டுடையதுதான் தடிமன். ஆனால் அதனிடம் யாரும் சம்பளச் சீட்டு கேட்கவில்லை.

கிளம்பும் முன் எடை பார்த்தார். வண்டியை அல்ல, என்னை. எழுபது வயதானால் இங்கே ஓட்டுநர் உரிமத்தில் கனவண்டிக்கான தகுதி தானாக நழுவிவிடும். வேண்டுமென்றால் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அவருக்கு அதில் விருப்பமில்லை. ஆகவே வண்டி, தண்ணீர், தட்டுமுட்டு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. மேஜர் 34, பிஸ்கட் 7. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று பெட்டி ஒயின் என்று அவரே கணக்குச் சொன்னார். நான் 78. அவர் மனசுக்குள் ஐந்து பெட்டியை இறக்கி வைப்பது முகத்தில் தெரிந்தது.

கடலுக்கடியில் ரயிலில் 35 நிமிஷம். வண்டியோடு ரயிலுக்குள் ஏறி, அங்கேயே நாய்களோடு உட்கார்ந்திருக்கலாம். காலே நகரில் இறங்கி, தெற்கே ஒரு நாள் ஓட்டம்.

பிரான்ஸில் சின்னச் சின்ன ஊர்கள்கூட மோட்டார்ஹோம்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றன. தண்ணீர் பிடிக்கலாம், கழிவை இறக்கலாம், இரவு தங்கலாம். அதற்குப் பெயர் ‘ஏர்’. உழுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு காணி உழுத களைப்பு வந்துவிடுகிறது. முதலில் ரசமட்டம் வெளியே வரும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவர்களுடைய பழைய பாணி கேஸ் குளிர்பெட்டி சரியாக வேலை செய்யாது. ஆகவே சக்கரத்துக்கடியில் மஞ்சள் நிறத்தில் இரண்டு ஆப்பு. தமிழில் ‘ஆப்பு வைப்பது’ என்றால் என்ன பொருள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. தினமும் தன் கையாலேயே தனக்கு வைத்துக்கொள்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்தது பின்னால் எடுப்பது. அந்த அம்மாள் பின்பக்கம் நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவார். அது வரவேற்பா, எச்சரிக்கையா, விடைகொடுப்பா என்று யாருக்கும் தெரியாது. “வலது!” “யாருடைய வலது?” நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியம் அந்தக் கேள்வியில் வந்து நிற்கும். முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் தாங்கவில்லை. இறங்கி, பின்பக்கத் தகரத்தில் கையை வைத்து, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காதால் கற்ற வித்தையை எடுத்துவிட்டேன்: “வரலாம்... வரலாம்... வரலாம்... ஹோல்டேய்!” தகரத்தில் இரண்டு தட்டு. வண்டி சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இது என்ன முறை?” என்று கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

கேசட் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கேசட் என்றால் ஏ பக்கம் இளையராஜா, பி பக்கமும் இளையராஜா. இவர்களுக்கு அது கழிப்பறைக்கடியில் உள்ள பெட்டி. அதைத் தினமும் சக்கரம் வைத்த பெட்டி போல, விமான நிலையத்துக்குப் போகிற மிடுக்கோடு இழுத்துப்போய்க் காலி செய்வார். அங்கே வரிசை நிற்கும். ஜெர்மன்காரர், டச்சுக்காரர், இவர். கையில் அவரவர் கேசட். ஐரோப்பிய ஒற்றுமைக்கு மிச்சமிருக்கும் இடம் அந்த வரிசைதான். இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

லோயர் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு. பிரான்ஸில் அதைவிட நீளம் எதுவும் இல்லை. அரண்மனைகளுக்குப் பேர்போன கரை. நாங்கள் ஓர் அரண்மனைக்குள்ளும் போகவில்லை, பெரும்பாலும் நாய்க்கு அனுமதி இல்லை என்பதால். மற்றவர்கள் ஆற்றை நகரங்களால் அறிகிறார்கள். இவருக்கு அது மேஜர் இறங்கக்கூடிய சரிவு, இறங்க முடியாத சரிவு என்று இரண்டே வகை. பிஸ்கட் முகர்ந்து முடிக்காத மரத்தைத் தாண்டி யாரும் ஓர் அடி வைக்கக் கூடாது. இதில் நன்மையும் உண்டு. ஒரு மைல் நடக்க ஒரு மணி நேரம் ஆனதால், அந்த மணல்திட்டுகளை நின்று பார்த்தேன். அப்படியே கோடைக்காலக் கொள்ளிடம். நடுவில் வெள்ளை மணல், ஓரத்தில் சோம்பேறித் தண்ணீர், மேலே பார்த்தால் சாது, அடியில் சுழல். பல இடங்களில் குளிக்கத் தடை.

தண்ணீர் ஓரத்தில் மட்டும் அவர் வேடிக்கையை நிறுத்திவிடுவார். கோடையில் நீர் வற்றும்போது கரையில் ஒதுங்கும் ஒருவகைப் பாசியில் நஞ்சு இருக்கிறது. 2017-ல் அதைத் தின்ற நாய்கள் இதே ஆற்றங்கரையில் செத்திருக்கின்றன. முழங்கால் வலியோடு குனிந்து, கரையைக் குச்சியால் கிளறிப் பார்த்த பிறகுதான் மேஜரின் கயிற்றை அவிழ்ப்பார். அப்போது அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை.

பிரியார் என்ற ஊரில் ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். அதன் மேல் போவது சாலை இல்லை, கால்வாய். 662 மீட்டர் நீளத்துக்கு எஃகுத் தொட்டியில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 1896-ல் திறந்தது, தூண்கள் ஈஃபல் நிறுவனத்தாருடைய வேலை. கீழே ஆறு, மேலே கால்வாய், கால்வாயில் படகு. மேஜர் நடைபாதையில் நின்று பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தான். கம்பி வழியாகக் கீழே இருந்த தண்ணீரைப் பார்த்தான். எதில் குதிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். பாலத்தைப் பற்றி எந்தப் பொறியாளரும் இவ்வளவு மரியாதையாக அபிப்பிராயம் சொல்லியிருக்க மாட்டார்.

நான்காம் இரவு ஒரு திராட்சைத் தோட்டத்தில். விவசாயிகள் சிலர் இப்படித் தங்கள் நிலத்தில் இரவு தங்க இலவசமாக இடம் கொடுக்கிறார்கள். எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதாலேயே வெட்கப்பட்டு இரண்டு பெட்டி ஒயின் வாங்கினார். அப்புறம் எடை நினைவுக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியில் முப்பது லிட்டரைத் திறந்துவிட்டு, அந்த அம்மாளிடம் இனி குளியலில் சிக்கனம் வேண்டும் என்றார். சிக்கனம் என்னோடு தொடங்கியது.

திரும்பும் நாளைக் குறித்தது நாடாப்புழு. இங்கிலாந்துக்குள் வரும் நாய்க்குப் புழு மாத்திரையைக் கால்நடை மருத்துவர் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். நாட்டுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாக. ஆனால் 120 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடக் கூடாது. கல்யாண முகூர்த்தத்துக்குக்கூட நம் ஜோசியர்கள் இத்தனை கறாராக இருப்பதில்லை. நல்ல நேரம் திங்கள் மாலைதான் என்று கணித்து, இன்னும் இரண்டு நாள் இருக்கலாம் என்று கெஞ்சிய மனைவியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சுதந்திரத்துக்காகத்தான் இந்த வண்டி வாங்கியதாக எப்போதும் சொல்வார். அன்று சொல்லவில்லை.

கிளம்பும் முன் கடைசி நடை. மேஜர் ஆற்றில் ஒரு கொக்கைக் கண்டு தாவினான். “மேஜர், வா!” என்றார். “நில்!” என்றார். பெயரைச் சொல்லி, உறவைச் சொல்லி, பிஸ்கட்டைச் சாட்சிக்கு அழைத்துக் கத்தினார். ஒன்பது வருஷப் பயிற்சிப் பள்ளி ஆங்கிலம் அத்தனையும் மணலில் போனது. நீந்தி நடு ஓட்டத்தை நெருங்கிவிட்டான். என் வாயிலிருந்து தானாக வந்தது: “ஹோல்டேய்!”

மேஜர் திரும்பிப் பார்த்தான். அப்படியே வட்டமடித்துக் கரைக்கு வந்து, சொட்டச் சொட்ட என் காலடியில் உட்கார்ந்தான்.

இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்கு வேலிக்கு அப்பாலிருந்து ஓர் ஆங்கிலேய அம்மாள் குரல் கேட்கிறது. “வரலாம்... வரலாம்... ஹோல்டேய்!” மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். வண்டி வாசலில் அசையாமல் நிற்கிறது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு ஒரு சாண் முன்னால் மேஜர் நிற்கிறான். அவனுக்குப் பின்னால், தேநீர்க் கோப்பையோடு, அவரும்.