ஸ்கூட்டரோடு கப்பலேறியவர்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடையும் சைக்கிள் கடையும் மட்டும் இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். ஏரிப்பாசன நெல், மானாவாரி வேர்க்கடலை, சித்திரையில் அம்மன் கோயில் கூத்து. கருப்பு வெள்ளைக் கட்டை வைத்த வாத்தியமென்று நாங்கள் பார்த்தது கூத்துக்காரர்களின் ஆர்மோனியம் ஒன்றைத்தான். விடிய விடிய வாசித்த பெட்டிக்காரர், காலையில் சூழ்ந்துகொள்ளும் பிள்ளைகளைத் துரத்தமாட்டார். விரலைப் பிடித்துக் கட்டைமேல் வைத்துக் காட்டுவார்.

இன்றைக்கு அந்தக் கூட்டுரோடு ஆறு வழிச் சாலை. சுற்றிலும் ஆலைகள்: நிஸான் கார்கள் தயாராகும் ஆலை, கோமட்சு, வல்லம் வடகாலில் யமஹா. பைக் மட்டுமில்லை, யமஹா கீபோர்டும் கிட்டாரும்கூட இந்த வட்டாரத்திலேயே தயாராகின்றன. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு கீபோர்டும் இல்லை, பாட்டு வாத்தியாரும் இல்லை. இது எனக்கு ஆறவேயில்லை.

அந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் ஜப்பானிய இசைக்குழு நடத்துநர் செய்ஜி ஒஸாவா நினைவுக்கு வருவார். என் வீட்டு மாடியில் குடியிருந்த ஜப்பானிய எஞ்சினியர் சொல்லித்தான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ரக்பி ஆட்டத்தில் விரல் முறிந்து, பியானோ கைவிட்டுப்போன பையன். ஹிதேயோ சைட்டோ என்ற ஆசிரியரிடம் இசைக்குழு நடத்தக் கற்றார். 1959-இல், ஸ்கூட்டர் தயாரித்த ஃபுஜி கம்பெனி இரவல் தந்த வண்டியோடு சரக்குக் கப்பலில் பிரான்ஸ் போனார். அதே ஆண்டு அங்கே பெசான்சோன் நகரில் நடந்த இசைக்குழு நடத்துநர் போட்டியில் முதல் பரிசு. நியூயார்க்கில் இசைக்குழு நடத்துநர் பெர்ன்ஸ்டைனின் உதவியாளர்; பிறகு டொரன்டோ, சான்பிரான்சிஸ்கோ, 1973 முதல் 2002 வரை பாஸ்டன் இசைக்குழுக்களின் தலைமை, அதன்பின் வியன்னா ஓபரா. இடையில் 1962-இல் சொந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் இசைக்குழுவே அவர் கீழ் வாசிக்க மறுத்த வேதனையும் உண்டு. ஆனாலும் 1984-இல் சைட்டோவின் மாணவர்களைத் திரட்டி, குருவின் பெயரிலேயே ஜப்பானில் ஓர் இசைக்குழு கண்டார். 2024 பிப்ரவரியில் 88 வயதில் மறைந்தார்.

அந்தப் பட்டியலில் என் மனம் நிற்பது ஸ்கூட்டரிடம்தான். பெயரில்லாத ஒரு பையனை நம்பி ஒரு தொழிற்சாலை வண்டி கொடுத்திருக்கிறது. யமஹாவின் கதையிலோ ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது: 1887-இல் ஹமாமட்சுவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்த்ததில் தொடங்கிய கம்பெனி அது.

சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது, சுற்றுவட்டார அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கீபோர்டும், மாதச் சம்பளத்தோடு ஓர் இசை ஆசிரியரும் கொடுங்கள்.