செய்யாத குற்றத்துக்கு ஆயிரம் ரூபாயா?

கேள்வி: ஹெல்மெட் போட்டிருந்தும் ஆயிரம் ரூபாய் இ-சலான் வந்திருக்கிறது. வழக்காடக் கையில் காசில்லை. பேசாமல் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். பணம் கட்டி முடித்துக்கொள்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு தரும் சமரச வழி; கட்டாயமில்லை. மறுத்தால், குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. கேமரா வழக்கென்றால் முதலில் சலானைப் படியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த 167ஏ விதி தெளிவான படம், இடம், தேதி, நேரம் எல்லாம் கேட்கிறது. படத்தில் உங்கள் தலையில் ஹெல்மெட் தெரிந்தால், போலீஸ் கேமராவே உங்கள் முதல் சாட்சி! வக்கீல் வைக்க முடியாவிட்டால் நீங்களே பேசலாம். இல்லையேல் 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், பட்டியலினத்தார், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. “ஒரு நாள் கூலி போகுமே” என்பீர்கள். உண்மைதான், ஏழையைப் பணியவைப்பது அபராதத்தைவிட இந்த அலைச்சல்தான். அதனால்தான் வக்கீல் உதவி அவசியம். எல்லா வாய்தாவுக்கும் நீங்களே வரவேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். லோக் அதாலத்தில் சீக்கிரம் முடியுமே என்றால், அங்கே சமரசம்தான், மேல்முறையீடு கிடையாது. தவறே செய்யாதவருக்கு அது சரியான இடமல்ல. நாள் கடத்தாமல், சலானோடு நீதிமன்ற வளாகத்துக்குப் போய், இலவச வக்கீல் கேட்டுச் சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுங்கள்.