மீரியபெத்தயில் மீன்பல்லி?

கேள்வி: எங்கள் மலையைத் தோண்டினால் பழங்காலக் கடல் பல்லியின் எலும்பு கிடைக்குமா? (மாணவர் ஒருவர், மீரியபெத்த)

பதில்: கிடைக்காது. உங்கள் ஊவா மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறியவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த அடுப்பு எரிந்தபோது உலகில் பல்லி வம்சமே பிறந்திருக்கவில்லை.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் கதையே வேறு. திருச்சிப் பக்கத்துக் கிரெட்டேசியக் கடற்படிவுகளில் கிடைத்த முள்ளெலும்புகளுக்கு 1879இல் தொல்லுயிரியலாளர் லிடெக்கர் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார்; ‘இக்தியோசாரஸ்’ என்றால் மீன்பல்லி. குஜராத்தின் கச்சில், லொடாய் அருகே கிடைத்ததோ ஒரு மீன்பல்லியின் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு! ஐந்தரை மீட்டர் நீளம். ஆய்வு 2017இல் வெளியானது. தேய்ந்த பற்களைப் பார்த்தால், ஓடும் செதிலுமாகக் கடினமான இரையையே கடித்து நொறுக்கியிருக்கிறது.

மீன்பல்லி வம்சத்தின் தொடக்கம் இன்னும் பெரிய அதிசயம். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் கடலின் பெரும்பாலான இனங்கள் மாண்டன. தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிய ஊர்வன அந்த வெற்றிடத்தில் கிடுகிடுவென வளர்ந்தன. 24.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய அமெரிக்காவின் நெவாடாவில், ‘சிம்போஸ்பாண்டிலஸ் யங்கோரம்’ என்ற மீன்பல்லி வேட்டையாடியது. மண்டையோடு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர், உடல் 17 மீட்டருக்கும் மேல். பேரழிவு முடிந்து அறுபது லட்சம் ஆண்டுகளுக்குள் இத்தனை பெரிய உடல்! இந்த அளவை எட்டத் திமிங்கிலங்களுக்கு இதைவிட அதிகக் காலம் பிடித்தது.